சீட்டு எனக்குத்தான்

எட்டு வருடமாக இதை எழுதுவதா வேண்டாமா என்று தள்ளிப்போட்டு வந்தேன். மூன்று தடவை நோட்டில் எழுதினேன். மூன்று தடவையும் கிழித்துச் சமையலறைக் குப்பையில் வெங்காயத் தோலுக்கு அடியில் போட்டேன். ஊரில் படிப்பவர்கள் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்களே, இங்கே கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தள்ளி உட்காருவார்களே என்ற பயம்தான். அந்தப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

லண்டனில் என் வீட்டுக்காரர் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். இங்கே எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்தாம் நாள், ஜோன் என்று ஒரு வெள்ளைக்கார நர்ஸ் அம்மா வீட்டுக்கே வந்தாள். வாசலில் நின்று செருப்புக்கு நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "ஹவ் ஆர் யூ?" என்றாள். "பேபி குட்" என்றேன். தலையாட்டினாள். "நோ. யூ." பால்பவுடரைக் கேட்கிறாள் போல என்று டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன். மறுபடியும் "நோ, யூ." சரி, ரத்த ரிப்போர்ட்டைக் கேட்கிறாள் என்று பைலை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்டி, "யூ. ஸ்லீப்? ஈட்?" என்றாள். அப்போதுதான் புரிந்தது. குழந்தையைப் பெற்றவளைக் கேட்கிறாள்! எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முகம் சிவந்துபோயிருக்கும். பாவம், தன் மேல்தான் கோபம் என்று நினைத்து அந்த அம்மா "சாரி, சாரி" என்றாள். என் கோபம் அவள் மேல் இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அதைத் தமிழில் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருமங்கலம் பக்கம். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது, ஐந்தாம் மாதம், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு வீட்டுக்காரருக்கும் பார்த்தார்கள். அவருக்கும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் அம்மனுக்கும் நடுவே உள்ள பேச்சு. முதலில் சோதித்தது என்னை, அதனால் முதல் குற்றவாளியும் நான்தான். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக வேண்டிய என் தாய் வீட்டில், "வீடு வெள்ளையடிக்கிறோம், இப்ப வேணாம்" என்று அண்ணி சொல்லி அனுப்பினாள். இன்றுவரை அந்த வீட்டில் வெள்ளையடித்து முடியவில்லை.

பிரசவ வலி வந்ததும் எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பிறந்த பிறகு பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்து. அது நல்ல மருந்து, கொடுத்த கைகளைக் கும்பிடுகிறேன். தாய்ப்பால் கொடுத்தால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், சீனித்தண்ணிகூடக் கூடாது, கலந்து கொடுப்பதுதான் ஆபத்து என்று விளக்கிச் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது அட்டையில் எழுதியது ஒரே ஒரு வரி: குழந்தையைப் பதினெட்டாம் மாதம் சோதனைக்குக் கொண்டுவரவும். "எனக்கு எப்ப வரணும் மேடம்?" என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிரவில்லை. "ஒனக்கா? ஒனக்கு இப்பத்திக்கு ஒண்ணுமில்லம்மா. புள்ளயப் பத்திரமா பாத்துக்க." பிள்ளை வெளியே வரும்வரை நான் பத்திரமாக வைக்க வேண்டிய பாத்திரம். வந்த பிறகு கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலமானால் குளிர் தூக்கிப்போடும், கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டி. என் மாமியார் கெட்டவர் இல்லை. பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தார், சுக்கு இடித்துக் கொடுத்தார். "பச்ச ஒடம்புக்காரிக்குக் காய்ச்சல் வாரதுதேன், அடங்கிரும்" என்றார். அடங்கவில்லை. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் முப்பது நாள் படி தாண்டக் கூடாது. முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, முதலில் மிதிக்கிற படி கோயில் படியாக இருக்க வேண்டும். நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விரதத்தை இந்தப் பனி ஊரிலும் விட்டதில்லை. ஆனால் பத்தொன்பதாம் நாள் காலையில் எழுந்தபோது, முப்பதாம் நாளை நான் பார்க்க மாட்டேன் என்று என் உடம்பே எனக்குச் சொன்னது. சேலையை மாற்றினேன்.

"எங்கிட்டு கெளம்பிட்ட?"

"மதுரைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன் அத்த."

"சாமி படி மிதிக்கிறதுக்கு முந்தி ஆஸ்பத்திரிப் படி மிதிப்பியா? குடும்பத்துக்கு ஆகாதுடி!"

"ஆகாதது எல்லாம் ஆகிப்போச்சு அத்த. இனி ஆகவேண்டியதப் பாப்போம்."

என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே ஆச்சரியம். பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன். பஸ் நிற்கிற இடத்துக்கு மாமியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். இழுத்துப்போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். காத்து கருப்பு அண்டாமல் இருக்க ஒரு கொத்து வேப்பிலையையும் வீட்டுப் பெட்டியின் இரும்புச் சாவியையும் அவர் துண்டுக்குள் செருகினார். "போறதுதேன் போற, பச்ச ஒடம்போட வெறுங்கையா போவாத" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க அந்த வீட்டுப் பெட்டி திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளைக்குப் பதினெட்டாம் மாசம்னுல்ல போட்டிருக்கு? இப்ப எதுக்கு வந்த?"

"புள்ளைக்கு இல்லண்ணே. சீட்டு எனக்கு."

"புள்ளைக்கு என்ன செய்யுது?"

"அவன் நல்லாருக்கான். சீட்டு எனக்கு."

"ஒம்பேரு இதுல இல்லையேம்மா. புள்ளய அன்னிக்குத் தூக்கிட்டு வா, போ."

"தூக்கிட்டு வர நான் இருக்கணும்லண்ணே?"

பின்னால் வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். "எழுதிக் குடுய்யா, எம்புட்டு நேரம் கேப்பா" என்று இன்னொருத்தி சத்தம் போட்டாள். அவர் எழுதினார். அந்தச் சீட்டோடு உள்ளே போனேன். கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுப் பார்த்து டி.பி. என்றார்கள். எச்.ஐ.வி. இருக்கிற உடம்பில், பிரசவம் ஆன சமயம், அது சட்டென்று தலைதூக்குமாம். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொன்னார். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன். பிள்ளைக்கும் வராமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். அட்டையில் அவன் வரிக்குக் கீழே என் பெயரையும் அடுத்த தேதியையும் எழுதச் சொல்லி, எழுதும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு எச்.ஐ.வி.க்கு மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது, என் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது.

முப்பதாம் நாளுக்குப் பிறகு அம்மன் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. "ரெண்டாவதாத்தான் வந்திருக்கேன் தாயே, ஆனா உசுரோட வந்திருக்கேன்" என்றேன். அவள் முகம் மாறவில்லை. பதினெட்டாம் மாதம் மகனைச் சோதித்தார்கள், அவனுக்கு இல்லை. அன்றைக்கு அவனை இடுப்பில் தூக்கிப்போனது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இங்கே வந்த பிறகு எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். பரிசோதனைக்குப் போகும்போது மொழிபெயர்க்கத் தமிழ்ப் பெண்ணை வரவழைக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். வருகிறவளைத்தான் கோயில் பிரசாத வரிசையில் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே பிறந்த இரண்டாவது, மகளுக்குத் தாய்ப்பாலே கூடாது என்று பால் வற்ற மாத்திரை கொடுத்தார்கள். அங்கே ஏன் கொடுத்தாய் என்று இங்கே கேட்கிறார்கள், இங்கே ஏன் கொடுக்கவில்லை என்று கோயிலில் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: அந்தந்த இடத்தில் என் பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்தேன். இங்கே என்னைப் போல மறைத்துக்கொண்டு இருக்கும் தங்கச்சிகளே, பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் உங்கள் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள்.

இங்கே எனக்கு ஒரு வேளை மாத்திரையாக மாற்றிக் கொடுத்தபோது, தினமும் எந்த நேரத்தில் சாப்பிடுவாய் என்று கேட்டார்கள். மதியம் ஒன்றரை என்றேன். "ஆ, லன்ச்!" என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. லண்டனில் ஒன்றரை என்றால் எங்கள் ஊரில் மாலை ஏழு. என் மாமியார் விளக்கேற்றி, கோயிலில் மணியடிக்கிற நேரம். கோடையில் இந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பார்கள். நான் மாத்திரையை இரண்டரைக்கு மாற்றிக்கொள்வேன், மணியை விட மாட்டேன். வெளியே மதிய வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடுவார்கள். நான் சமையலறையில் கிழக்கே பார்த்து நின்று, ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் ஒரு கையில் மாத்திரையுமாக, கேட்காத மணியைக் கேட்பேன்.

படிக்கிறவர்கள் இதை அடுத்தவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது என்னைப் பாவப்பட்டவளாக ஆக்காதீர்கள், தெய்வப்பிறவியாகவும் ஆக்காதீர்கள். மாமியாரைக் கெட்டவராக்கிச் சுவை கூட்டாதீர்கள், அவர் வைத்த வேப்பிலையை விட்டுவிடாதீர்கள். பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருக்கும் எவளோ ஒருத்தி காதில் இது விழ வேண்டும். அவளிடம் நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்: சீட்டு எனக்கு.