வர்ணம் பூசிய கட்டில்

ஊரில் அவளுக்குப் புகையம்மா என்று பெயர். யார் வீட்டுக் கொல்லையில் என்ன எரிகிறது என்று பார்ப்பது நகராட்சியில் அவளுடைய வேலை. காய்ந்த சருகும் சுள்ளியும் எரிக்கலாம். அதுவும் காற்று அடங்கிய காலையில், சுவரை விட்டுத் தள்ளி, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு. பிளாஸ்டிக், ரப்பர், வர்ணம் பூசிய மரம் கூடவே கூடாது. அவளுடைய சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே டீக்கடைக்காரர், "புகையம்மா வர்றாங்க, டீயில ஆவி பறக்குது பாரு, மூடி வையி!" என்பார். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

மழை விட்ட ஒரு பிற்பகல். தெருக்கள் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் போல மினுங்கின. மரங்களுக்கிடையில் மெல்லிய நீலப் புகையொன்று, வழி தவறிய மாதிரி தாழ்வாக மிதந்து வந்தது. முகர்ந்து பார்த்தாள். சருகு இல்லை, பெயிண்ட். சைக்கிளை உருட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள். தையற்கடை, பள்ளிக்கூட மதில், பூட்டிக் கிடக்கும் அச்சகம் எல்லாம் பின்னால் நழுவின. நடப்பது தன் கால்கள்தானா என்றே தெரியவில்லை. கடைசி வளைவில்தான் உறைத்தது. புகை அவள் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்கான அவள் கணவர், கொல்லையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கழியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நெருப்பில் ஒரு குழந்தைக் கட்டில். அதன் மஞ்சள் வர்ணம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது.

அவள் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி நெருப்பில் ஊற்றினாள்.

"கொட்டகை ஒழுகி, கட்டில் காலெல்லாம் உளுத்துப் போச்சும்மா," என்றார் அவர். "நீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன். உன் கண்ணுல பட வேணாமேன்னு."

பிறந்த அன்றே போய்விட்ட மகளுக்காக வாங்கிய கட்டில் அது. எத்தனையோ வருடங்களாகப் பழைய போர்வைக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

"நான் பாக்காமயே அனுப்பிடலாம்னு நெனச்சீங்களா?"

அவர் கண்ணைத் துடைத்தார். "புகை," என்றார்.

"அதான் அணைச்சாச்சே."

கருகிய கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "எரிக்கணும்னா எரிப்போங்க. ஆனா பெயிண்ட்டச் சுரண்டிட்டுத்தான்."

"நம்ம வீட்டுலயும் சட்டமா?"

"நம்ம வீட்டுக்கு மட்டும் வேற காத்தா வீசுது?"

அதன் பிறகு மாலைகளில் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். அவர் தகட்டால் சுரண்ட, அவள் உப்புத்தாளால் தேய்த்தாள். மஞ்சளுக்கு அடியில் நீலம் தெரிந்தது. பொடி விளக்கொளியில் மகரந்தம் போல மிதந்தது.

"நான் மேல மஞ்சள் பூச வெக்கறதுக்கு முன்ன, பையன்தான்னு அடம் புடிச்சு நீலம் அடிச்சீங்களே!"

"அடிச்சேன். உன் மூக்கோட வந்து என்னை ஏமாத்திட்டா."

அவள் கை நின்றது. "நீங்க பாத்தீங்களா?"

பிரசவத்தில் அவள் நினைவின்றிக் கிடந்தாள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் கேட்கவில்லை, கேட்டால் உடைந்துவிடுவாளோ என்று அவரும் சொல்லவில்லை.

"நர்சம்மா கொஞ்ச நேரம் கையில குடுத்தாங்க. தலை நெறைய முடி. ஒரு காது லேசா மடிஞ்சிருந்துச்சு. என் வெரலப் புடிச்சுக்கிட்டா."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். மறுநாளும் சொன்னார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ ஒன்று அவருக்கு நினைவு வந்தது. தூக்கத்தில் நடப்பவர்கள் போல அந்தச் சின்ன முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வர்ணம் முழுதும் போய், மரம் வெளுத்துக் காய்ந்தது.

காற்றில்லாத ஒரு காலையில் அவள் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல அனுமதி கேட்டாள். "உங்களுக்கு நீங்களே குடுத்துக்கலாமே அக்கா," என்று மறுமுனையில் சிரித்தார்கள். "கேட்டுச் செய்யறேனே," என்றாள்.

கட்டில் நிதானமாக எரிந்தது. வெள்ளைப் புகை நூல் பிடித்தாற்போல நேரே மேலே போயிற்று. தணல் அடங்கும்வரை தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்து, மகளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஊரில் யாருக்கும் அது தெரியாது. சில மாலைகளில் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் மெல்ல அதைச் சொல்லிப் பார்ப்பார்.