திருப்பித் தரும் திகதி

வெள்ளிக்கிழமை வயோதிபர் இல்லத்தில் வேலை முடித்து வரும்போதே என் இடுப்பு மறுநாளை நினைத்து முனகத் தொடங்கிவிடும். சனிக்கிழமை காலையில் எல்லிங்ஸ்ருட்டில் தமிழ்ப் பள்ளி. நோர்வேஜியப் பள்ளிக்கூடமொன்றின் வகுப்பறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதோடு ஒரு அலுமாரியும் தந்தார்கள். அந்த அலுமாரிதான் எனக்கு வந்த வினை.

பிள்ளைகள் தாங்களாகவே எடுத்து வாசிக்க ஒரு நூலகம் வைக்கிறேன் என்று கூட்டத்தில் வாய்விட்டேன். ஒவ்வொரு சனியும் கால் மணித்தியாலம். கேள்வியும் இல்லை, புள்ளியும் இல்லை. பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். பெற்றோர் சோதனைப் பயிற்சிதான் கேட்கிறார்கள் என்றார். ஈஸ்டருக்குள் என் வகுப்பின் பன்னிரண்டு பேருடைய பெயரும் இரவல் கொப்பியில் ஏறினால் தொடரலாம், ஒன்று குறைந்தாலும் அந்த நேரம் பயிற்சிக்குப் போய்விடும் என்று முடித்தார்.

புத்தகம் கேட்டு அறிவித்ததும் வாழைப்பழப் பெட்டிகளில் அடைத்துப் பெட்டி பெட்டியாக வந்தது. சனம் நல்ல மனதோடுதான் தந்தது, குறை சொல்லக்கூடாது. ஆனால் சோதிடத்தையும் நன்னூல் உரையையும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு நான் எப்படி நீட்டுவேன்? எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அடியில் நினைவு மலர்கள். ஒருவர் செத்து முப்பத்தொன்றாம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கிற மெல்லிய புத்தகம். முன்னால் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, உறவுகளின் பட்டியல். எறியவும் மனம் வராது, வைத்திருக்க வீட்டில் இடமும் இல்லை. சரி, ரீச்சரிடம் கொடு.

செத்தவர்களின் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்கள் என்று அவற்றை இரண்டு பைகளில் நிரப்பி வகுப்பறைக் கதவடியில் வைத்தேன். பின்னேரம் கடதாசித் தொட்டிக்குள் கொட்டினேன். மிச்சத்தை அட்டை தெரிய அடுக்கி, இலேசானதற்குப் பச்சைப் பொட்டும் கொஞ்சம் கடினமானதற்கு மஞ்சளும் ஒட்டினேன். அது கார்த்திகை மாதம். குனிந்து நிமிர்ந்து முடித்தபோது, இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மாசி முடியப் பதினொரு பெயர் ஏறிவிட்டது. மிஞ்சியது ஒருத்தி. யன்னலோரம் இருப்பாள், உள்ளேயும் ஜக்கெற்றைக் கழற்ற மாட்டாள். புத்தகத்தை நீட்டினால் "ஷேடலி" என்பாள். அலுப்பாம். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ட்வெய்ட்டாவில் ஒரு கடையில் வேலை செய்யும் தாய் தனியாக வளர்க்கிறாள் என்பது மட்டும் தெரியும். நான் இந்தப் பக்கம் குடிவந்து இரண்டு வருடம்தான், அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

கெஞ்சிப் பார்த்தேன். பிறகு ஒரு சனி, முதல் நாள் இரட்டை வேலை செய்த எரிச்சலில், அவளால்தான் எல்லாருக்கும் இது இல்லாமல் போகப்போகிறது என்று வகுப்புக்கு முன்னால் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. ஜக்கெற்றின் சிப்பை நாடி வரைக்கும் இழுத்துவிட்டாள். ரீ-பான ரயிலில் வீடு திரும்பும்போது என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்திய கடைசிச் சனி வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் மேசையடிக்கு வந்தாள். ஜக்கெற்றுக்குள் கையைவிட்டு மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தாள். நினைவு மலர். மூலைகள் நைந்து சுருண்டிருந்தன.

"நீங்கள் எறிய வைச்ச பையிலை இருந்தது ரீச்சர். அதாலைதான் எடுத்தனான்."

கோபிக்கவில்லை, ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டேன். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி உறவுகளின் பட்டியலில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ரை பேர்."

முன் அட்டையைப் பார்த்தேன். இளம் மனிதர், அவளுடைய அதே நெற்றி. அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போனவராம். அம்மா அழுவாள் என்று வீட்டில் ஒன்றும் கேட்பதில்லையாம். அந்தக் கால் மணித்தியாலங்களில் ஜக்கெற்றுக்குள் வைத்து, குளிர்காலம் முழுக்க எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். அப்பா வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் ஆலையில் மீன் வெட்டியவர், நன்றாகப் பகிடி விடுவாராம் என்று புதுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். யார் தந்த பெட்டியில் இது வந்ததென்று எனக்குத் தெரியாது. அந்தப் பைகளில் இன்னும் எத்தனை பேரின் அப்பாக்களைத் தொட்டிக்குள் கொட்டினேன் என்றும் தெரியாது.

"முழுக்க வாசிச்சிட்டியோ?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. கொப்பியிலை என்ரை பேரை எழுதுங்கோ."

எழுதத் தேவையில்லை, அது உன்னுடையதுதான், கொண்டுபோ என்றேன். அவள் அசையவில்லை.

"இல்லை, எழுதுங்கோ ரீச்சர். நானும் வாசிச்சனான் எண்டு இருக்க வேணும்."

கொப்பியை விரித்தேன். புத்தகத்தின் பெயர் என்ற கட்டத்தில் அவளுடைய தகப்பனின் பெயரை எழுதினேன், பக்கத்துக் கட்டத்தில் அவளுடையதை. திருப்பித் தரும் திகதிக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது.

"ரெண்டு கிழமைதானே?" என்று கேட்டாள்.

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டுப் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன்.