வொம்பாட் புத்தகத்தை வாங்கிப்போன ஆள்

ஹூவான் ஆற்றங்கரையில், ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் நோலீன் பேச்சலர் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். பெல்ட்டில் உருண்டு வரும் பழங்களில் அடிபட்டது எது, உள்ளே புழு வைத்தது எது என்று கண்ணாலேயே பிடித்து ஒதுக்கித் தள்ள வேண்டும். அந்தக் கண் வீட்டில் மட்டும் பலிக்கவில்லை. புருஷன் கீத், ஹோபார்ட் நகரத்தில் இன்னொரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது ஒன்பது வருஷம் அவளுக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அவள் யாரையும் நம்புவதை விட்டுவிட்டாள். தபால்காரர் சிரித்தால்கூட, எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பாள்.

கொட்டகையை நிரந்தரமாக மூடியதும் ஊர் நூலகத்தில் வாரம் மூன்று நாள் வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகள் அடித்துப் பிடித்து எடுக்கும் படக்கதைப் புத்தகம் ஒன்று உண்டு. கங்காருவைப் போல வயிற்றில் பையுள்ள, குட்டிக் கரடி மாதிரியான கிழட்டு வொம்பாட் ஒன்று குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து முள்ளெலிக்கும் சின்னக் கங்காருவான வாலபிக்கும் வாத்து மூக்குப் பிளாட்டிபஸ்ஸுக்கும் கம்பளி பின்னித் தரும் கதை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதன் பாதங்கள் ஊசியை எப்படிப் பிடிக்கின்றன, நூலை எப்படிச் சுற்றுகின்றன என்று வரிசையாகப் படம் போட்டிருக்கும். புத்தகத்தின் முதுகு கிழிந்து மூன்று முறை டேப் ஒட்டியாகிவிட்டது.

மார்ச் மாதத்தில் அந்தப் புத்தகத்தை டாரல் க்ரீஸ் எடுத்துப் போனான். மர லாரி ஓட்டுபவன். வாசலில் குனிந்து நுழையும் உயரம். ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெண்டாட்டி பிள்ளை யாரும் இல்லை. மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தான், அங்கேயே நின்று மறுபடியும் அதையே எடுத்தான். ஜூனில் நான்காவது முறை.

“வீட்டுல குழந்தைங்க வந்திருக்காங்களா?” என்று நோலீன் கேட்டாள்.

“இல்லையே” என்றான். காது சிவந்துவிட்டது.

அந்தச் சிவப்பு அவளுக்குப் போதுமாக இருந்தது. மதியம், பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கும் வால் என்ற சிநேகிதி தேநீர் குடிக்க வந்தாள்.

“தனி ஆளு. சின்னப் பிள்ளைங்க புத்தகம் அவனுக்கு எதுக்கு? அதைக் காட்டி எந்தப் பிள்ளையைக் கூப்பிடப் போறானோ” என்றாள் நோலீன்.

“உனக்கு டீத்தூள் மேலேயே சந்தேகம்டி” என்று வால் சிரித்தாள். ஆனால் பிஸ்கட்டை நனைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த முறை அவன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, வேறு யாரோ சொல்லி வைத்திருப்பதாகப் பொய் சொல்லி நோலீன் புத்தகத்தை உள்ளே வைத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டே வெளியே போனான். அவள் புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டினாள். பக்கங்களுக்கு நடுவே பழுப்புக் கம்பளி நூல் துணுக்குகள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு கோடாக எண்ணிக்கை. எதை எண்ணுகிறான்? அவளுக்கு நிலைகொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை, விசாரித்துவிடுவது என்று காரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனாள். வராந்தாவில் ஒரு கயிறு. அதில் ஏழெட்டுக் கம்பளிப் பைகள் தொங்கின, கோணல்மாணலாக, சில இடத்தில் பின்னலில் கண்ணி விட்டு ஓட்டை விழுந்து. டாரல் நாற்காலியில் இருந்தான். அவன் சட்டைக்குள் இருந்த பையிலிருந்து ரோமமே இல்லாத ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

“மெதுவா பேசுங்க. இப்பத்தான் தூங்குச்சு” என்றான்.

வொம்பாட் குட்டி. இது முதல் குட்டி இல்லை. மார்ச்சில் வளைவு ஒன்றில் அவன் லாரியில் ஒரு தாய் வொம்பாட் அடிபட்டிருக்கிறது. இறங்கி அதன் வயிற்றுப் பையைத் தடவிப் பார்த்தபோது உள்ளே உயிரோடு ஒன்று. அதிலிருந்து, சாலையில் எது செத்துக் கிடந்தாலும் நிறுத்திப் பார்க்கிறான். குட்டிகளை வளர்க்கும் அம்மா ஒருத்தி வந்து வாங்கிப் போகும்வரை தன் உடம்புச் சூட்டில் வைத்திருக்கிறான்.

“குட்டிங்களை வைக்கப் பை பத்தலைன்னு அந்தம்மா சொன்னாங்க. எனக்குப் படிக்க வராது. அந்தப் புத்தகத்துல எல்லாம் படமா இருக்கு. ஒவ்வொரு பைக்கும் ஒரு கோடு போட்டு வச்சேன். அழிச்சிடறேன்.”

நோலீன் கயிற்றில் தொங்கிய பைகளை எண்ணினாள்.

“பள்ளிக்கூட ரோடு வழியா என்னைப் போகக்கூடாதுன்னுட்டாரு முதலாளி. யாரோ போன் பண்ணி என்னமோ சொல்லியிருக்காங்க. என்னன்னு எங்கிட்ட சொல்லவே மாட்டேங்கிறாரு” என்றான்.

சொல்லாமல் திரும்பியிருக்கலாம். கார் சாவி கையில்தான் இருந்தது.

“சந்தேகப்பட்டு வாலுகிட்ட முதல்ல சொன்னது நான்தான், டாரல்.”

அவன் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே, “கேட்டைச் சாத்திட்டுப் போங்க” என்றான்.

அன்றே அவள் வால் வீட்டுக்குப் போனாள். வால் இந்தப் பேச்சைச் சொல்லியிருந்த இரண்டு தாய்மார்களிடமும் போனாள். ஒருத்தி கதவைப் பாதிதான் திறந்தாள், “இப்ப மட்டும் நீங்க சொல்றது நிஜம்னு எப்படி நம்பறது?” என்று கேட்டாள். திங்கட்கிழமை லாரி முதலாளி முன்னால் நின்று, நான் பார்த்தது ஒன்றுமில்லை, எல்லாம் என் கற்பனை என்றாள். பத்து நாளில் பழைய பாதை அவனுக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆகஸ்ட் கடைசியில் அவன் நூலகத்துக்கு வந்து அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்தான்.

“இந்தத் தடவை யாருகிட்ட சொல்லப் போறீங்க?”

நோலீன் புத்தகத்தைத் திறந்து தேதி முத்திரை குத்தினாள். அவன் போகாமல், பிளாட்டிபஸ் பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினான்.

“இங்க எத்தனை கண்ணிய ஒண்ணாச் சேக்குது?”

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

“ரெண்டு” என்றாள்.