காலையில் வண்டி எடுக்க வேண்டும்

என் அப்பா வெள்ளியங்கிரி முப்பத்தொரு வருடம் ரிக் வண்டியில் இருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. பதினான்கு மாநிலங்களில் தண்ணீர் எடுத்திருக்கிறார். கடலை மட்டும் பார்த்ததில்லை. ரிக் பாறை இருக்கும் ஊருக்குத்தான் போகும். கடற்கரை மணலில் அதற்கு வேலை கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு மாதம் எங்களோடு இருப்பார். மீதி மாதங்களில் சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ, வண்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, பத்து ஆண்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் வாழ்க்கை. பாறையைக் குடையும்போது எழும் தூசியில் எல்லாரும் மாவு மில்லில் இருந்து வந்தவர்கள் போல இருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். மூக்கில் ஒரு துண்டு கட்டியிருப்பார்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

ஐம்பத்தெட்டு வயதில் மாடிப்படி ஏற முடியவில்லை. ஈரோட்டில் ஸ்கேன் எடுத்தோம். கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, போன பகுதி திரும்பாது என்றார் மருத்துவர். பகலில் சமாளிக்கலாம். தூக்கத்தில்தான் ஆக்சிஜன் இறங்கும். ராத்திரி முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். அது இல்லாமல் சில நாள் போனால் இதயம் தாங்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா கேட்டது ஒன்றுதான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரமாகவே ஒரு தடவை போக வேண்டும். லாட்ஜ் வேண்டாம். ரிக் கேம்ப் போட்ட மாதிரி, வண்டி நிற்கிற இடத்தில் சமைத்து, அங்கேயே தூங்க வேண்டும். இந்தத் தடவை அம்மாவும் நானும் கூட இருக்க வேண்டும்.

நான் மின்னியல் படித்தவள். ஒரு நூல் மில்லில் மின் பராமரிப்பு வேலை. மெஷின் நிற்காது என்றால் போய் வாருங்கள், ஐந்து நாளைக்கு மேல் வேண்டாம் என்றார் மருத்துவர். நிற்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

என் கணவர் குமரகுருவிடம் துணி மூட்டை ஏற்றும் வேன் இருந்தது. பின்னால் ஒரு கட்டில் போட்டோம். கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும். மெஷின் முந்நூறு வாட் எடுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு தீரும். வண்டி ஓடும்போது கொஞ்சம் ஏறும். மிச்சத்தை மதியம் நிற்கும் கடையில் ஒயர் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். எஞ்சின் நின்றதும் வேனை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி இவற்றிலிருந்து தானாகப் பிரிந்துவிடும்படி வைத்திருந்தேன். ஒரு காகிதத்தில் படம் போட்டு அப்பாவுக்கு விளக்கினேன்.

"சரிங்க சாமி" என்றார்.

கம்பெனி அனுப்பும் இன்ஜினியர்களிடமும், மனசுக்குள் நம்பாதபோது, அவர் அப்படித்தான் சொல்வாராம். எனக்கு அது அன்று தெரியாது.

மாசி மாதம் கிளம்பினோம். அதற்கு முந்தைய ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு ராத்திரி தங்கலுக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது, எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்திருந்தேன். மூக்கையூருக்கு ஐம்பது நிமிடம். வேம்பாருக்கு நாற்பது. பெரியதாழைக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் என்பதை அடிக்கோடிட்டிருந்தேன்.

அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். மருமகனை நேராகக் குறை சொல்ல முடியாது. அதனால் அம்மாவிடம் சொன்னார். "மாப்ள நல்லாத்தான் ஓட்டறாரு. கியர் பாக்ஸ்தான் பாவம், அதுக்கு வாயில்ல." குமரகுரு சிரித்தார். நாமக்கல் தாண்டும் வரை மெதுவாகவே கியர் மாற்றினார்.

சாயங்காலம் மூக்கையூரில் கடல். அப்பா இறங்கி முதலில் நான்கு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து, இங்கே துளை போட்டால் இரும்பு ராடு இறங்க இறங்க மணல் சரிந்து மூடும் என்றார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, வண்டியை எப்படி நிறுத்துவது, அடுப்பை எங்கே வைப்பது என்று சொன்னார். அன்று சமைத்ததும் அவர்தான். உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்கி வாங்கி, தக்காளி ரசம் வைத்தார்.

அம்மா பெயர் ராமாயி. முப்பத்தைந்து வருடத்தில் அப்பா கரண்டி பிடித்து அவர் பார்த்ததில்லை. "ஊட்டுல ஒரு சொம்பு தண்ணி மோந்து குடிச்சதில்ல. இங்க வந்து தாளிக்கறதப் பாரு" என்றார். இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

அப்பாவும் அம்மாவும் வேனுக்குள். குமரகுருவும் நானும் வெளியே கூடாரத்தில். அப்பாவின் மூக்கில் குழாயை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, அதன் சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன். கூடாரத்துக்குள் காற்றும் அலையும் தவிர எதுவும் கேட்கவில்லை.

காலையில் இரண்டு அளவு எடுப்பேன். அப்பா விரலில் மீட்டர் மாட்டி ஆக்சிஜன். பேட்டரியில் வோல்ட். வீட்டில் இருந்தபோது காலையில் தொண்ணூற்று மூன்று காட்டும். முதல் காலை தொண்ணூறு. கடல் காற்றில் விரல் சில்லிட்டிருந்தது. விரல் குளிர்ந்தால் குறைவாகக் காட்டும் என்று மீட்டரோடு வந்த தாளில் படித்திருந்தேன். பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஏழு. நான் எதிர்பார்த்ததைவிட மிக நல்ல அளவு. பேட்டரி நன்றாக உழைக்கிறது என்று குமரகுருவிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டாம் காலை, வேம்பாருக்குத் தெற்கே, எண்பத்தேழு. டீ டம்ளரைப் பிடிக்கச் சொல்லி, விரல் சூடானதும் மறுபடி பார்த்தேன். எண்பத்தெட்டு. திரும்பிவிடலாம் என்றேன். விரல் குளிருதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா என்று அப்பா கேட்டார். மருத்துவரைக் கேட்கலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை. பேட்டரி அன்றும் பன்னிரண்டு புள்ளி ஏழு. நிம்மதி தந்த எண் அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு, வழியில் சிக்னல் வந்தபோதும் மருத்துவரைக் கூப்பிடாமல், இன்னொரு நாள் போக விட்டேன்.

மூன்றாம் காலை பெரியதாழைக்குப் பக்கத்தில், ஆளே இல்லாத கரை. எண்பத்து நான்கு. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. உதட்டில் நிறம் மாறியிருந்தது. பேட்டரியைப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி ஏழு.

மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மணி நேரம் முந்நூறு வாட் கொடுத்த பேட்டரி இதைக் காட்டவே முடியாது. பன்னிரண்டு புள்ளி ஒன்று காட்ட வேண்டும். இது எதுவுமே கொடுக்காத பேட்டரி. மெஷினின் முகப்பில், அது மொத்தம் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் எண் உண்டு. கிளம்பும்போது நானூற்றுப் பன்னிரண்டு என்று குறித்திருந்தேன். மூன்று ராத்திரிக்கு நானூற்று முப்பத்தாறு இருக்க வேண்டும். நானூற்றுப் பதினான்கு இருந்தது.

அம்மாவைக் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் ஓடிப்போட்டு நின்னுபோகும் சாமி. நம்மூட்டு மேல்தொட்டி நெறைஞ்சா மோட்டார் தானா நிக்குமில்ல, அதாட்டன்னு நெனச்சுட்டேன்" என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்பா மறைக்கவில்லை. "நாந்தான் நிறுத்துனேன்" என்றார்.

"ஏனுங்கப்பா?"

"அது ஓடற நேரமெல்லாம் பேட்டரியத்தான குடிக்குது. காலையில வண்டி எடுக்கலீன்னா என்ன பண்ணுவீங்க? ஆளில்லாத கரை. எனக்கு மூச்சு முட்டுனா, தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடறதுக்கு வண்டி எடுக்கோணுமில்ல, சாமி."

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும் என்பதற்காக ஆக்சிஜனை நிறுத்தியிருக்கிறார்.

குழாயை அவர் மூக்கில் மாட்டி மெஷினைப் போட்டேன். அதன் பிறகு சொன்னார், நிறுத்தி நிறுத்தி. சத்தீஸ்கரில், இருபது வருடத்துக்கு முன்னால், நாமகிரிப்பேட்டைக்காரர் சடையன் என்று ஒருவர் அவர்கள் கேம்பில் இருந்தார். காட்டுக்குள் காய்ச்சல். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக இருந்தது. ரிக்கோடு போகும் சாமான் லாரி எடுக்கவில்லை, பேட்டரி செத்திருந்தது. சேற்றில் நின்ற வண்டியைத் தள்ளவும் முடியவில்லை. ரிக் குழிக்குள் ராடு இறக்கியபடி நின்றது, அதையும் நகர்த்த முடியாது. இன்னொரு லாரி வர மதியமானது. போகும் வழியில் சடையன் இறந்துவிட்டார்.

"அந்த லாரி பேட்டரியில ராவெல்லாம் பல்பு மாட்டி வெச்சது நாந்தான்" என்றார். "இருட்டுல காய்ச்சக்காரன் கெடப்பானேன்னு மாட்டுனேன்."

அம்மாவுக்கும் அன்றுதான் தெரியும்.

முன்சீட்டை மடக்கி, அடியில் இருந்த, வேனை ஸ்டார்ட் செய்யும் சின்ன பேட்டரியைக் காட்டினேன். பின்னால் இருந்த இரண்டையும் காட்டினேன். படம் போடவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை அவர் கையில் கொடுத்தேன். குழாயோடு எட்டிச் சாவியைத் திருப்பினார். உடனே எடுத்தது. அணைத்தார். திரும்ப எடுத்தார். மூன்று தடவை.

"இதுக்குத் தனி வயிறு, அதுக்குத் தனி வயிறுங்களா?"

"ஆமாங்கப்பா."

"மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

நான்கு கிலோமீட்டர் வந்தபின் சிக்னல் கிடைத்தது. மருத்துவரிடம் கால் வீக்கத்தைச் சொன்னேன். மெஷின் போட்டதும் எண் ஏறுகிறது என்பதால் நேரே ஈரோட்டுக்கே வரச் சொன்னார், இறங்கினால் மட்டும் வழியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் நிறுத்தச் சொன்னார். கன்னியாகுமரி இன்னும் இரண்டு மணி நேரம்தான். அப்பா மறுக்கவில்லை. கடல்தான் பார்த்தாச்சே என்றார். திருநெல்வேலி, மதுரை, கரூர். வழி முழுக்க மெஷின் ஓடியது. கட்டிலில் படுத்தபடியே அப்பா, குமரகுரு கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்தார். ஈரோடு வரும்போது தொண்ணூற்றொன்று.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட அவர் மெஷினை நிறுத்தவில்லை. ஆனாலும் பகலிலும் அது தேவைப்பட்டது. அந்த மூன்று ராத்திரியாலா என்று மருத்துவரைக் கேட்டேன். எப்படியும் இந்த நிலைக்கு வந்திருப்பார், எப்போது என்பதுதான் தெரியாது என்றார். நான் கேட்டதும் அந்த எப்போது என்பதைத்தான்.

ஆனி மாதம் ஒரு காலை, எட்டு மணிக்கு, மூச்சு திணறியது. வேன் வாசலில் நின்றது. மெஷினோடு தூக்கி வேன் கட்டிலில் படுக்க வைத்தோம். குமரகுரு சாவியைத் திருப்பினார். முதல் தடவையிலேயே எடுத்தது. அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. என் மணிக்கட்டை இரண்டு முறை தட்டினார், டயரைத் தட்டுவது போல.

ஈரோட்டுக்குப் போகும் வழியில், பள்ளிபாளையம் காவிரிப் பாலத்தில் ஏறும்போது விரல் மீட்டரில் எண் வரவில்லை. விரல் குளிர்ந்திருக்கிறது என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். பாலம் முடியும்போது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.