அசைக்கக் கூடாத தொட்டி

என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும். போகிற வீட்டிலெல்லாம் நான் கொய்யாவும் முருங்கையும் வைப்பேன். அது காய்க்கத் தொடங்கும்போது இன்னொருத்திக்கு விட்டுவிட்டுக் கிளம்புவேன். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. இனி வைத்தால் கையோடு தூக்கிக்கொண்டு போகிற மரம்தான் வைப்பது என்று முடிவு செய்தேன். சென்னையில் ஒரு மலர்க் கண்காட்சியில் போன்சாய் மரங்களைப் பார்த்திருந்தேன். தாம்பாளம் மாதிரித் தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு முழு ஆலமரம் நின்றது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். மகாபலிபுரம் போகிற சாலையில் இடிந்த சுவர் ஒன்றின் வெடிப்பில் எனக்கு ஒரு வேம்பு கிடைத்தது. மண்ணே இல்லாத இடத்தில் பல வருடம் குறுகி நின்ற மரம். உயரம் ஒரு முழம், அடித்தண்டு என் மணிக்கட்டுப் பருமன். செங்கல்லைப் பெயர்த்து எடுத்து வந்து, அகலமான மண்தொட்டியில் நட்டு, முற்றத்தில் வைத்தேன்.

மேலே கொழுந்து கிள்ளுவது பெரிய வித்தை இல்லை. கவனமெல்லாம் கீழே இருக்க வேண்டும். தொட்டியின் அடித்துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கப் பார்க்கும். அடிக்கடி தொட்டியைத் தூக்கிப் பார்த்து, எட்டிப் பார்க்கிற வேரை நறுக்கிவிட வேண்டும். ஒரு தடவை அது தரை ருசி கண்டுவிட்டால் அப்புறம் நம்மோடு வராது.

அந்த முற்றத்தைச் சுற்றி நான்கு குடித்தனம், எல்லோருக்கும் ஒரே கிணறு. எதிர்வீட்டுக்காரி கோவளத்துப் பெண். அவள் புருஷன் அங்கிருந்து மீன் எடுத்து வந்து மார்க்கெட்டில் விற்பவர். நாலு வயதில் ஒரே பெண் குழந்தை. ஒரு பங்குனியில் என் வேம்பு முதன்முதலாகப் பூத்தது. முற்றமெல்லாம் வாசனை. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னாக்கா இது! கொயந்த மாறி கீது, அதுக்குள்ள பூ வச்சிக்கினு நிக்குது. இது மரம் இல்லக்கா, ஆத்தா. சின்னப் பொண்ணா வந்து குந்திக்கினுகீறா."

மறுநாள் மரத்துக்கு மஞ்சளும் குங்குமமும் ஏறியிருந்தன. சிரித்துவிட்டுப் போனேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. வெள்ளிக்கிழமைகளில் பால் ஊற்றினாள், அப்புறம் கூழ். ஒருநாள் வேர் பார்க்கத் தொட்டியில் கை வைத்தபோது ஓடி வந்தாள்.

"அசைக்காதக்கா! குந்துன எடத்துலேந்து ஆத்தாவ யாராச்சும் தூக்குவாங்களா?"

மற்ற இரண்டு வீடும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டன. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவள் மூன்று வீட்டைப் பகைத்துக்கொள்ள முடியுமா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதையாக, என் மரத்துக்கே நான் வேற்றாள் ஆனேன். அந்த வருடம் முழுக்க யாரும் தொட்டியை அசைக்கவில்லை.

அடுத்த பங்குனியில் பூ வரவில்லை. இலை மஞ்சளித்தது. மண்ணைக் கிளறினால் புளித்த கூழ் நாற்றம், எறும்புச் சாரை. வேர் அழுகுகிறது என்று தெரிந்துபோயிற்று. அதே வாரம் ஜோலார்பேட்டைக்கு மாற்றல் வந்தது. மரத்தைப் பிடுங்கி, அழுகலை நறுக்கி, புது மண்ணில் வைத்தால்தான் என்னோடு வரும். கத்தியைத் தீட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். எதிர்வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

அவள் எண்ணெய் காணாத தலையோடு வெளியே வந்தாள். "கொயந்தைக்கி அம்மா வாத்துகீதுக்கா. அம்மை எறங்கி மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் அதுமேல கத்தி படக்கூடாது."

"மரம் அழுகுதுடி. நாள் தள்ளினா செத்துப்போகும்."

"புள்ளைக்கி ஒடம்பு நெருப்பா கொதிக்குது."

"நான் வேரை வெட்டினா உன் பிள்ளைக்கு என்ன ஆகும்?"

"தெர்லக்கா. பயமா கீது."

மிரட்டியிருந்தால் வெட்டியிருப்பேன். அவள் மிரட்டவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் வெட்டி, அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால்? கத்தியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். எனக்குக் கோபமா பயமா என்று கேட்டால், இரண்டும்தான்.

அதன்பின், அம்மைக்கு ஆகாதென்று, முற்றத்தில் யார் வீட்டிலும் தாளிக்கிற சத்தம் இல்லை. குழந்தைக்குத் தொண்டைக்குள்ளும் கொப்புளம், எச்சில் விழுங்க முடியவில்லை. இந்தப் பக்கம் என் மரம் இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் மரத்தைத்தான் முதலில் பார்ப்பேன், பிறகுதான் குழந்தை எப்படி என்று கேட்பேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்த கணவர், "நீ யாருக்குக் காவல் இருக்கே, மரத்துக்கா மனுஷிக்கா?" என்றார். எரிந்து விழுந்தேன். ஒரு மத்தியானம் ஒரே ஒரு கிளை தவிர எல்லாம் மொட்டையாக நின்றது. அந்தச் சின்னக் குழந்தைமேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அன்று சாயங்காலம், "புள்ள மோர் கேக்குதுக்கா!" என்று அவள் ஓடி வந்து சொன்னாள். அவள் அழுவதற்கு முன்பே நான் அழுதுவிட்டேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்ததும் அவளே என் வாசலுக்கு வந்தாள். "இப்ப வெட்டுக்கா."

தொட்டியைத் தூக்கினேன். வரவில்லை. மண்ணைத் தோண்டினேன். வேரெல்லாம் வெந்த கீரைத்தண்டு மாதிரி கையோடு வந்தது. ஒன்றே ஒன்றுதான் உறுதியாக இருந்தது, விரல் பருமனில். அது அடித்துளை வழியாக இறங்கி, முற்றத்துத் தளக்கல் வெடிப்புக்குள் போயிருந்தது. அந்தப் பச்சைக் கிளையைப் பிழைக்க வைத்திருந்தது அதுதான். மாதாமாதம் நான் தூக்கிப் பார்த்திருந்தால் அதை நறுக்கி எறிந்திருப்பேன். கூழ் ஊற்றிக் கெடுத்தவளும் அவள்தான், அசைக்காதே என்று சொல்லி உயிரைக் காப்பாற்றியவளும் அவள்தான். நான் யாரைத் திட்டுவது?

அந்த வேரை வெட்டினால் மரம் என்னோடு வரும், விறகாக. வெட்டாவிட்டால் இங்கேயே நிற்கும்.

"இன்னாக்கா, வெட்டலியா?"

உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து தொட்டியின்மேல் போட்டேன். அவள் அலறிவிட்டாள். தொட்டி நாலாகப் பிளந்தது. ஓடுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வேரைச் சுற்றி நல்ல மண்ணாகக் குவித்து அணைத்தேன். அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் எங்களை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக ஜட்கா வண்டி வந்தது. தழும்பு முகத்தோடு குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. "உன் மரத்த வுட்டுட்டு போறியேக்கா" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"வெறும் தண்ணி மட்டும் ஊத்து. கூழ் ஊத்தினேன்னு தெரிஞ்சுது, ஜோலார்பேட்டையிலிருந்து வந்து உதைப்பேன்" என்றேன். அவள் சரி சரி என்று தலையாட்டினாள்.

ரயிலில் கணவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "அங்கே வீட்டுக்குப் பின்னாலே நிறைய இடம் இருக்காம். மரம் வைக்கலாம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.