ராகு காலத்துக்காரர் மகள்

எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்காமல் எதையும் தொடங்க மாட்டோம். ராகு காலம் வந்த பிறகுதான் தொடங்குவோம்.

தொண்ணூறுகளின் நடுவில், அணுசக்தித் துறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அணுபுரம் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். சாமான் லாரி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டது. அம்மா பால் பாத்திரத்தோடு அடுக்களையில் நின்றார். அப்பாவோ வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாமா உதவி செய்கிற நினைப்பில் ஓடி வந்தார். "சனிக்கிழமை சார், ஒன்பது மணிக்கு ராகு காலம் ஆரம்பிச்சிடும். சட்டுனு பால் காய்ச்சிடுங்க" என்றார்.

"அதுக்குத்தான் சார் வெயிட் பண்றேன்" என்றார் அப்பா.

ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் அப்பா உள்ளே வந்து "ம், பத்த வை" என்றார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். குடியிருப்பில் எங்களுக்கு "ராகு காலத்துக்காரர் வீடு" என்று பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

அப்பாவுக்கு அது கொள்கை. இளம் வயதில் சாமி, சாதி, ஜாதகம் மூன்றையும் தலைமுழுகிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பியவர். பிரிட்ஜ் வாங்கியது, ஸ்கூட்டர் எடுத்தது, என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது எல்லாம் ராகு காலத்தில்தான். எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். காலண்டர் தாளைக் கிழித்துத் தொலைத்துவிட்ட பக்கத்து வீட்டு மாமாவே அவரிடம் வந்துதான் நேரம் கேட்டுக்கொண்டு போவார். அப்பாவும் பெருமையாகச் சொல்லி அனுப்புவார். குடியிருப்பிலேயே ராகு காலத்தை அதிகம் பார்த்த மனிதர் எங்கள் அப்பாதான் என்பது எனக்கு உறைக்க இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

சின்ன வயதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பரீட்சைக்கு முன்னால் விபூதி பூசிக்கொண்டு வரும் தோழிகளைப் பார்த்து உதட்டைச் சுழிப்பேன். பாவம், வீட்டில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்புகிறார்கள் என்று நினைப்பேன். எனக்கும் வீட்டில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அது மட்டும் எனக்கு அறிவாகத் தெரிந்தது.

படித்து முடித்து மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். திருக்கழுக்குன்றத்தில் கம்பெனி பஸ் ஏறுவேன். அதே நிறுத்தத்தில் ஏறுகிற ஒருவன் பழக்கமானான். மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்காரன், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. முதல் சம்பளத்தில் செல்போன் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். "இன்னாத்துக்கு இன்னும் பிரிக்கல?" என்று கேட்டான்.

"இரு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல பிரிக்கணும். ராகு காலத்துல."

"நீ அதெல்லாம் நம்புவியா?"

"நம்பல. அதனாலதான்."

அவன் சிரித்தான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன் சிரித்ததைவிட, நான் சொன்னது என் காதுக்கே ஒரு மாதிரியாக இருந்ததுதான் காரணம். ஆனாலும் வெள்ளிக்கிழமை வரைக்கும் பெட்டியைப் பிரிக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குத் தலைகீழாய் நிற்காத குறைதான், அவ்வளவு சந்தோஷம். சாதி மறுப்புத் திருமணம், அதுவும் சொந்த மகள். அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே செங்கல்பட்டில் மண்டபத்துக்கும் வாய்மொழியாகச் சொல்லி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாலரை மணிக்கு மேல்.

இந்தத் தகவலோடு அப்பாவும் அம்மாவும் நானும் குப்பத்துக்குப் போனோம். அவனுக்கு அம்மா மட்டும்தான். கரையில் மீன் ஏலம் எடுத்துத் திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டில் விற்பவர். வஞ்சிரம் வறுத்து வைத்து, டீயும் கொடுத்து உட்காரவைத்தார். அப்பா தேதியைச் சொன்னார்.

"ஞாயித்துக்கெயம சாய்ங்காலமா? அது ராவு காலமாச்சே அண்ணாத்த."

"அதுக்காகத்தாம்மா" என்று அப்பா தொடங்கினார். கிரகம், நிழல், ஏமாற்று வேலை, பெண்ணடிமை என்று நீண்ட பாடம். அந்த அம்மா குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது கரெக்டா கூட இருக்கும். எனுக்கு அவ்ளோ வெவரம் பத்தாது. ஆனா என் புள்ள தாலி கட்டசொல்லோ எனுக்கு மனசு அடிச்சிக்கக் கூடாது. காலைல நல்ல நேரத்துல இங்க அம்மன் கோயில்ல வெச்சிக்கலாம். அவ்ளோதான் நான் கேக்கறது."

"அப்படின்னா நான் வர மாட்டேன்" என்றார் அப்பா.

அப்பா குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பா இல்லாமல் நான் எப்படிக் கல்யாணம் செய்துகொள்வது?

மறுநாள் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். "எனுக்கு ரெண்டும் ஓகே. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். உனுக்கு இன்னா வேணும், அத்த சொல்லு."

சாதாரணக் கேள்வி. பஸ் செங்கல்பட்டு தாண்டுகிற வரை யோசித்தேன். மாலையில் வைத்தால் அது அப்பாவின் கல்யாணம். காலையில் வைத்தால் அது அவன் அம்மாவின் கல்யாணம். என்னுடையது என்று உள்ளே துழாவிப் பார்த்தால் ஒன்றுமே அகப்படவில்லை. ராகு காலம் வேண்டும் என்று தோன்றினால் அப்பா குரலில் தோன்றியது. வேண்டாம் என்று தோன்றினால், ஐயோ அப்பாவுக்குத் துரோகம் என்று அதுவும் அப்பா குரலில்தான் தோன்றியது. சுதந்திரமாக வளர்ந்தவள் என்று இருபத்துச் சொச்சம் வருஷம் மார்தட்டியவளுக்குத் தன் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் சொல்லத் தெரியவில்லை. "தெரியல" என்றேன். அவனுக்கு அது புரியவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் எரிச்சலை எல்லாம் அவரிடம் கொட்டினேன். "ரெண்டு பேரும் இந்த இழு இழுக்கறாங்க. நீ வாயத் தொறந்து ஒண்ணுமே சொல்ல மாட்டியாம்மா?"

"நான் என்னத்தச் சொல்ல" என்றார். கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தார். பிறகு, "அந்தம்மா சொன்னது எனக்குப் புரிஞ்சுது" என்றார்.

"என்ன புரிஞ்சுது?"

"மனசு அடிச்சுக்கும்னாங்களே, அது. எனக்கு அடிச்சுக்கும்."

"எப்போ?"

"எப்பவும்தான். இங்க வந்து பால் காய்ச்சினப்போ கை நடுங்கி, தீப்பெட்டியில பாதிக் குச்சி வீணாச்சு. ஸ்கூட்டர் எடுத்த புதுசுல உங்கப்பா டியூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. உன்னைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்த அன்னிக்கு நீ திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயேதான் நின்னேன்."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பாடம் எடுப்பாரு. அவர் சொல்றது சரின்னு எனக்கும் தெரியும்டி. தெரிஞ்சா பயம் போயிடுமா?"

மூடநம்பிக்கையால் பெண்கள் எப்படி அஞ்சி அஞ்சிச் சாகிறார்கள் என்று அப்பா இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எத்தனை முறை பேசியிருக்கிறார். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். நாலடி தள்ளி அடுக்களையில் ஒருத்தி எங்களாலேயே அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நேரே கூடத்துக்குப் போனேன். அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலயே வெச்சுக்கலாம்பா. கோயில்ல."

"நீயுமா?"

"நேரத்த நம்பி இல்லப்பா. ரெண்டு பேர் பயப்படாம நிக்கட்டுமேன்னு."

"ரெண்டு பேர் யாரு?"

சொன்னேன். பால், தீக்குச்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா தாளை மடித்து மடியில் வைத்தார். "ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே" என்றார். அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுக்களையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து அங்கே போகவில்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்றோ வர மாட்டேன் என்றோ சொல்லவும் இல்லை. அடுத்து வந்த நாள்களில் எங்கள் இரண்டு பேரிடமும் தேவைக்கு மட்டும் பேசினார். சில ராத்திரிகளில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. நான் முடிவெடுத்தேனா, இல்லை அப்பா கையிலிருந்து அம்மா கைக்கு மாறிக்கொண்டேனா? இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கும்போது காதுக்குள் யார் குரலும் கேட்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கல்யாணத்தன்று காலை உறவினர்களோடு வேனில் நானும் அம்மாவும் கிளம்பினோம். அப்பா குளித்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தார். "வர்றேம்பா" என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

குப்பத்து அம்மன் கோயில் சின்னது. வாசலில் பந்தல், அதைத் தாண்டினால் மணலும் படகுகளும்தான். மணையில் உட்கார்ந்த பிறகும் என் கண் சாலையிலேயே இருந்தது. தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வரும்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அப்பா வெள்ளைச் சட்டையில் வந்து பந்தல் கால் பக்கத்தில் நின்றார். கோயில் படி ஏறவில்லை. வேலையைப் போட்டுவிட்டு மாமியார் வெளியே போனார். "உள்ள வரலன்னா பரவால்ல அண்ணாத்த. இங்கியே நில்லு, இங்கேர்ந்தே நல்லா தெரியும்" என்று, முன்னால் நின்றவர்களை விலக்கிவிட்டார். அப்பா அங்கேயே நின்று பார்த்தார். எனக்கு அது போதும் என்று இருந்தது. தாலி கட்டும்போது அம்மா யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அணுபுரத்துக்குப் போயிருந்தேன். பழைய கிரைண்டர் பழுதாகிவிட்டது, செங்கல்பட்டில் போய்ப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று பேச்சு. சாப்பிட்டுக் கை கழுவிய அப்பா, "எப்போ போலாம்?" என்றார். தன்னிடம்தான் கேட்கிறார் என்று அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"வெயில் தாழட்டும். போலாம்" என்றார் அம்மா.

தூங்கி எழுந்து, காபி குடித்து, வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. அம்மா பின்னால் உட்கார்ந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. வாசலில் நின்ற என் மனது அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, நாலரையிலிருந்து ஆறு. கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. போங்கள் என்று சொல்லவா, போகாதீர்கள் என்று சொல்லவா என்று எனக்கே தெரியவில்லை. வண்டி தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.