வெள்ளைச் சட்டையில் நிற்கும் மவுஸ்

மூன்று தட்டு. அதற்குப் பிறகுதான் லோகநாதன் மவுஸை ஓட்டுவார். மேசை விளிம்பில் முட்டை உடைக்கிற பக்குவத்தில் தட்டுவார். மல்லாக்கத் திருப்பி, அடியில் எரியும் சிவப்பு வெளிச்சத்துக்குள் ஓர் ஊது ஊதுவார். கடைசியாகக் காதோரம் வைத்துக் கேட்பார். உள்ளே என்ன கேட்கிறது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "சவுண்டு கரீட்டா கீது" என்பதோடு சரி.

திருவொற்றியூர் மார்க்கெட்டை ஒட்டிய 'மகிழினி ஜெராக்ஸ்' அவருடைய கடை. மகிழினி அவர் மகள்; கல்யாணமாகி மணலி புதுநகருக்குப் போய்விட்டாள். கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் போடுகிற பெட்டி ஒன்று. லைசென்ஸ் புதுப்பிக்க வரும் டிரெய்லர் டிரைவர்களும், ஆதாரில் முகவரி மாற்ற வரும் மீன்காரப் பெண்களும் அவரை 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். ஆனாலும் அந்தப் பெயரை அவர் மறுத்ததில்லை.

அந்த இன்ஜினியரின் மவுஸ் இரண்டு வருடமாக நின்று நின்று ஓடுகிறது. திரையில் அம்பு மேலே நன்றாகப் போகும். கீழே இறங்கும்போது சட்டென்று நின்றுவிடும். எந்த விண்ணப்பத்திலும் 'சமர்ப்பி' என்கிற பொத்தான் கீழேதான் இருக்கும் என்பது அவருடைய தலையெழுத்து. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் ஏழு பழைய மவுஸ்கள் குடல் வேறு தோல் வேறாகக் கிடக்கின்றன. எட்டாவது இப்போது மேசை மேல் ஓடுகிறது, அதாவது, நிற்கிறது.

காரணங்களுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. காலையில் கேட்டால், "உப்புக் காத்து நைனா. கடல் தோ பக்கத்துலயே கீது. ஒயருக்குள்ள பூந்து துன்னுட்ச்சி" என்பார். மதியம் கேட்டால் குற்றம் ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகள் மேல் விழும். "டிரெய்லர் போவ சொல்லோ பூமியே ஆடுது. இத்தினியூண்டு மவுசு, அது இன்னா பண்ணும்? தலை சுத்தி நின்னுடுது." கரண்ட் ஏறி இறங்குவது, எர்த் சரியில்லாதது, பக்கத்து இஸ்திரிக் கடை என்று பட்டியல் நீளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாயிற்று. முன்னால் இருந்த ஒயரைப் பிடுங்கிப் பின்னால் சொருகியாயிற்று. காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாயிற்று. எதுவும் எடுபடவில்லை.

உண்மையான காரணம் தெருவுக்கே தெரியும். மவுஸுக்கு அடியில் அவர் விரித்திருப்பது ஒரு ஃபிளெக்ஸ் பேனர்த் துண்டு. அதில் இருப்பது லோகநாதனேதான்: தட்டு அளவுக்கு முகம், அதற்குக் கீழே பளபளவென்று வெள்ளைச் சட்டை. முகத்தின் மேல் மவுஸ் ஓடும். மீசையைத் தாண்டும், கழுத்தில் இறங்கும். சட்டைக்கு வந்ததும் நின்றுவிடும். ஒரு புள்ளி, ஒரு கோடுகூட இல்லாத வெறும் வெள்ளையில், தான் நகர்கிறோமா இல்லையா என்று மவுஸின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? இதில் ஒரு வேடிக்கை, அப்படி ஒரு வெள்ளைச் சட்டை லோகநாதனிடம் கிடையாது. எந்நேரமும் கட்டம் போட்ட சட்டைதான் போடுவார். பேனருக்காக ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்ட சட்டை அது.

அந்தப் பேனருக்கு ஒரு கதை உண்டு. ஒரு வருடம் மழைத் தண்ணீர் இடுப்பளவு நின்றபோது, கம்ப்யூட்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்தார். வாடகை ஜெனரேட்டரைப் போட்டு, தெரு முழுக்க நிவாரண மனு எழுதிக் கொடுத்தார். நாலு நாள் சரியாகத் தூங்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் 'எங்கள் தெருவின் கணினிச் செம்மல்' என்று பையன்கள் பேனர் கட்டினார்கள். பத்து நாளில் காற்று அதைச் சாய்த்தது. எழுத்து இருந்த பக்கத்தை யாரோ கோழிக்கூண்டுக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். முகம் இருந்த துண்டை மட்டும் அவர் போய் வெட்டி எடுத்து வந்தார்.

பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர் ஜெனி மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். ஒருநாள் கேட்டேவிட்டாள். "அண்ணே, ஒங்க படத்த எடுத்துட்டு ஓட்டிப் பாருங்களேன். கோளாறு அதுலதான் இருக்கு."

லோகநாதன் கோபப்படவில்லை. விஞ்ஞானி மாதிரி துண்டை உருவிவிட்டு, மேசை மேல் பதித்திருந்த கண்ணாடிப் பலகையில் மவுஸை வைத்துத் தேய்த்துக் காட்டினார். திரையில் அம்பு அசையவே இல்லை. "பாத்துக்கினியா? என் மூஞ்சி இருந்தாலாவது பாதி ஓடுது. இல்லன்னா சுத்தம்!" ஜெனி தன் கடைக்குத் திரும்பிவிட்டாள். நிரூபணம் என்றால் நிரூபணம்தான்.

போன ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றரை மணிக்கு நர்மதா தன் மகள் எழில்மொழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எழில்மொழி டிப்ளமோ முடித்தவள். மணலியில் ஒரு பெரிய ஆலையில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பம் ஐந்து மணிக்கு மூடிவிடும். மார்க்‌ஷீட் அன்று மதியம்தான் கைக்கு வந்திருந்தது. வீட்டில் இருந்த ஒரே பெரிய போன், டிரெய்லர் ஓட்டும் அப்பாவோடு வெளியூரில் இருந்தது.

பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் ஏறிவிட்டன. போட்டோவில் சிக்கல் வந்தது. மவுஸை அழுத்திப் பிடித்தபடியே மேலிருந்து கீழே இழுத்து, முகத்தைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். லோகநாதன் இழுத்தார். கட்டம் மூக்குவரை வந்து நின்றது.

"அங்கிள், பாதி மூஞ்சிதான் வந்துருக்கு."

"தோ, டிரெய்லர் ஒண்ணு போவுது. அது போவட்டும்."

டிரெய்லர் போயிற்று. மூன்று தட்டு, ஓர் ஊது, மறுபடியும் மூக்கு. அடுத்த தடவை மேல் உதடு. நாலரை ஆனது. ஏழு பழைய மவுஸ்களில் இரண்டுக்கு உயிர் கொடுத்துப் பார்த்தார். இரண்டும் அதே சட்டையில் அதே இடத்தில் நின்றன. எழில்மொழி நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணாத்த, ஒனக்கே பாவமா இல்ல? வருசம் பூரா படிச்சிட்டு வந்து மூக்குலயே நிக்குது எம் பொண்ணு," என்றாள் நர்மதா. கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற ஜெனி, "படம், அண்ணே, படம்!" என்றாள்.

"நீ கம்முனு இரு ஜெனி."

நாலு ஐம்பது. நர்மதா சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவருக்குள் திணித்தாள். "வாடி, ரோட்டு முனையில இன்னொரு சென்டர் கீது. ஓடுனா பத்து நிமிசம்." சொல்லும்போதே அவளுக்கும் தெரிந்தது, இருப்பதே பத்து நிமிடம்தான். மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

லோகநாதன் திரையைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லாத அந்தப் பெண்ணைப் பார்த்தார். மேசையில் சிரித்துக்கொண்டிருந்த தன்னையும் ஒரு தடவை பார்த்தார்.

"குந்து நர்மதா."

நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நன்றாகச் சாய்ந்து, ஒயர் எட்டுகிற அளவுக்கு வயிற்றை முன்னுக்குக் கொண்டுவந்து, மவுஸை எடுத்துத் தன் கட்டம் போட்ட சட்டையின் மேல் வைத்தார். மூன்றாவது பொத்தானிலிருந்து தொப்புள்வரை ஒரே இழுப்பு. கட்டம் நெற்றி, மூக்கு, உதடு, தாடை எல்லாவற்றையும் தாண்டி எழில்மொழியின் கழுத்துக்குக் கீழே வந்து நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் படத்தையும் அதேபோல் வெட்டினார். நாலு ஐம்பத்தாறுக்குத் திரையில் விண்ணப்ப எண் வந்தது. எழில்மொழி அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள்.

ஜெனி விடவில்லை. "அப்போ படந்தானே அண்ணே கோளாறு?"

"இன்னா படம்? இத்தினி நாளு மேசதான் பேஜாரு பண்ணிக்கினு இருந்துருக்குது. இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சேன்."

தாயும் மகளும் அச்சடித்த தாளோடு படியிறங்கினார்கள். லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டிரைவர் உள்ளே வந்தார். லோகநாதன் பேனர்த் துண்டில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்து, அதை மேசை நடுவில் நேராக இழுத்துவிட்டார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து, சட்டையின் சுருக்கத்தை வயிற்றின் மேல் நீவிக்கொண்டார்.